புளி போட்டுக் கழுவிய மணல்

தலைமை தாங்கும் ஆண்டியப்பன் ஐயா அவர்களே, தட்டில் கத்தரிக்கோல் காத்திருக்க அமர்ந்திருக்கும் பிரதம அதிதி அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, காலைப் பெரட்டில் பேர் பதிய நின்று, தேயிலைக் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்து, கால்வலியோடு தரையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நான் சுதர்ஷினி. மூன்றாம் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை. இந்தத் தண்ணீர் வடிகட்டியை அமைத்தவர்களில் ஒருத்தி. வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். களைத்துப் போயிருக்கிறேன், உள்ளதைச் சொல்கிறேன்.

மலை ஊற்றிலிருந்து விழும் நம் பீலித் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது. பழைய களைக்கொல்லியோடு மண்ணில் இறங்கிய நஞ்சு. நிறமில்லை, நாற்றமில்லை, நாவுக்கும் தெரிவதில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; இது போகுமா? போகாது. அதனால்தான் மணலுக்கு இரும்புத் துருவைப் பூச்சாக ஏற்றி இந்தத் தொட்டியில் நிரப்பினோம். தண்ணீர் இறங்கும்போது நஞ்சு துருவில் ஒட்டிக்கொள்ளும். எட்டு மாத உழைப்பு.

நேற்று வந்து பார்த்தேன். சிவப்பு மணல் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"நாகலெட்சுமி அக்கா, என்னக்கா செஞ்சீங்க?"

"பெரிய ஆளுங்க வாராங்கல்ல புள்ள? மணலு பூரா ஒரே துரு. பித்தளக் குடம் வெளக்குற மாதிரி புளியக் கரைச்சு ஊத்தித் தேய்ச்சிட்டோம். எப்புடி மின்னுது பாரு!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அக்காவும் சிரிக்கிறார். எனக்குத்தான் முடியவில்லை.

அக்கா மேலா குற்றம்? தோட்டத் துரை வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு. அதிகாரி வந்தால் சாக்கடைக் கானுக்கு மூடி. யார் வந்தாலும் அழுக்கை மறை, ஒழுகும் கூரையை மறை, நோயை மறை! இதை நமக்குப் பழக்கியது யார்? அந்தப் பழக்கம்தான் நம் மருந்தையே கழுவி ஊற்றிவிட்டது.

இந்த வெள்ளை மணல் நஞ்சைப் பிடிக்காது என்று காலையில் தலைவர் ஆண்டியப்பன் ஐயாவிடம் சொன்னேன். "விழா முடியட்டும் புள்ள, பொறவு பாத்துக்குவோம்" என்றார். ஐயா, முதல் குடம் கர்ப்பிணிக்கு என்று முடிவெடுத்தது நாம்தானே? இதோ, மாலை போட்ட குடத்தோடு பிரேமினி உட்கார்ந்திருக்கிறாள். ஏழு மாதம். பொறவு என்றால், அவள் குடித்த பொறவா?

யாரது பின்னால், "அப்ப மேடை எதுக்கு"ன்னு கேட்பது? இதைச் சொல்லத்தான் அண்ணே.

பிரதம அதிதி அவர்களே, கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். புது மணல் தயாராக ஆறு வாரமாகும். அதுவரை பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். போவதற்கு முன், உங்களுக்காகக் கழுவி வைக்காத பக்கத்தையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

தாய்மார்களே, இனி எவர் வந்தாலும் துரு துருவாகவே இருக்கட்டும். பிரேமினி, குடத்தைக் கவிழ்த்து வை தங்கச்சி.

கேட்டிருந்தவர்களுக்கு நன்றி. வெறுங்குடத்தோடு வீடு திரும்பும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.