மூணாவது ஆயில் சீல்

"அந்தக் கார் இன்னொரு தரம் ஆயிலை வாந்தி எடுத்துச்சுன்னா, என் பொழப்பு அவ்ளோதான்க்கா."

பஸ் ஸ்டாண்டில், செங்கம் ரோடு பஸ்ஸுக்கு நின்ற காக்கிச் சட்டை கார் டிரைவர் சொன்னார். இன்ஜின் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல், மெட்ராஸில் தேடி வாங்கியது, அவர் கையில் பொட்டலமாக இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள், அவருடைய முதலாளியான வெள்ளைக்காரருக்கு மாடியை வாடகைக்கு விட்டவர்.

"ரெண்டு சீல் மாத்தியாச்சு. இதுவும் போச்சுன்னா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஊருக்கே போயிடுவேன்றாரு."

"சீல் ஏன்பா பிச்சிக்குது?"

"டர்போ இன்ஜினுக்கா. உள்ளே பிரஷர் ஜாஸ்தி. அது வெளியே போக ஒரு குழாய் இருக்குது. குழாய் அடைச்சிக்கிச்சுன்னா, ஆயிலே சீலைத் தள்ளிக்கினு வந்துடும்."

"அப்ப குழாய்தான் அடைச்சிருக்கும்."

"அதெப்படி? கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி நானே கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, முனையை வண்டிக்கு அடியில தொங்க விட்டேனே."

அம்மாள் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"என் வாசல் கோலத்து மேல கருப்பா சொட்டிச்சே, அந்தக் குழாயா?"

"அதேதான். கழுவின கழுவுல இப்ப அதுவும் நின்னுடுச்சு பாருங்க."

"நிக்காம? நான்தான் துணியைச் சுருட்டி அடைச்சேனே!"

பஸ் வந்து நின்றது. டிரைவர் ஏறவில்லை.

"எந்தத் துணிக்கா?"

"கொடியில தொங்கிச்சே, உன் லுங்கி. உங்க வண்டிக்கு என் புடவையையா கிழிப்பாங்க?"