பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் நடுவே நின்றவளின் தீர்ப்பு

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு. மேடை எனக்குப் பழக்கமில்லை. இந்தத் தலைநகர்த் தமிழர் மோட்டார் சைக்கிள் மன்றத்தின் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான். மூலை நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதை எழுதித்தான் கை பழகியிருக்கிறது. அதனால் என் பேச்சையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். தாள் நடுங்கினால் மின்விசிறிக் காற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டு பணியாற்றி, ஓய்வு பெற்ற பிறகும் தட்டில் விழும் கேசரியைக் கண்ணாலேயே நிறுத்துவிடும் எங்கள் தலைவர் பட்டாபி சார் அவர்களே, பழைய வண்டிக் கட்சியின் பெருந்தூணாக நின்று, கார்புரேட்டரைக் கண்ணுக்குள்ளும் ஸ்பார்க் பிளக்கைச் சட்டைப்பைக்குள்ளும் வைத்துக் காத்துவரும் ராஜகோபால் சார் அவர்களே, புதிய வண்டிக் கட்சியின் போர்வாளாக விளங்கி, கைப்பேசியில் சார்ஜ் குறைந்தால் முகத்திலும் சார்ஜ் குறைந்துவிடும் வெங்கி அவர்களே, வண்டி துடைக்கப் போன துண்டைத் தேடியே ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்த தாய்மார்களே, என்னிடம் தமிழ் படிக்க வந்து எனக்கு இந்தி திருத்தும் மாணவச் செல்வங்களே, 'ஜல்தி முடிம்மா, சாம்பார் சாதம் ஆறுது' என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் பின்வரிசைப் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை அறியாதவர்களுக்கு: என் பெயர் கவிப்ரியா. சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தின் சமையல்கூடத்தில் வேலை பார்க்கும் மாசிலாமணியின் மகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். என் பட்டச் சான்றிதழை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, அடுப்புக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார். ஒரே அறை வீட்டில் வேறு சுவர் இல்லை. ஆகையால் என் பட்டத்துக்கு எப்போதும் ஒரு தாளித்த வாசனை உண்டு.

போன ஆண்டு மத்திய அரசுப் பணிக்கான தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். ஆனால் எழுதவில்லை. வரும் ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மறுபடி அந்தத் தேர்வு. என் வயதுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. வண்டியைப் பற்றிப் பேச வந்தவள் வேலையைப் பற்றிப் பேசுகிறாளே என்கிறீர்களா? இரண்டும் ஓர் இடத்தில் மோதிக்கொண்டன. அந்த இடத்துக்கு வருகிறேன்.

இன்றைய பட்டிமன்றத்துக்கு என்னை ஏன் நடுவராகப் போட்டார்கள்? அறிவாளி என்றா? இல்லை. மயூர் விஹார் முழுவதும் சல்லடை போட்டுத் தேடியதில், வண்டியே இல்லாத தமிழ் ஆள் நான் ஒருத்திதான் அகப்பட்டேன். வண்டி வைத்திருப்பவர் தீர்ப்புச் சொன்னால், 'அவன் அந்தக் கம்பெனிக்காரன்' என்றுவிடுவார்கள். கம்பெனி என்பது இந்த மன்றத்தில் கோத்திரம் மாதிரி. கம்பெனிக்குள் சண்டை போடலாம், கம்பெனி மாறக் கூடாது. பட்டாபி சாரின் மகன் அக்ஷய் வேறு கம்பெனி வண்டி வாங்கிவந்த அன்று, அந்த வீட்டில் மூன்று நாள் ரசம் வைக்கவில்லை என்று கேள்வி. தலைவர் தலையாட்டுகிறார். நான்கு நாளாம். அதனால்தான் சொல்கிறேன், எந்தக் கம்பெனிப் பெயரும் என் வாயால் வராது. எனக்கும் ரசம் வேண்டும்.

ராஜகோபால் சார் சற்று முன் என்ன அழகாகப் பேசினார். "என் வண்டிக்கு வேண்டியது ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பழந்துணி. என் வண்டிக்கு மறைக்க ஒண்ணுமில்லை, எல்லாம் வெளியில தெரியும்" என்றார். உண்மைதான். எண்ணெயும் வெளியில்தான் தெரியும். அந்த வண்டிக்கு இன்று வயது பதினான்கு ஆண்டு, ஏழு மாதம். பதினைந்து ஆனால் தலைநகரில் வண்டியைப் பிடித்து உடைக்கப் போட்டுவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அரசு ஊழியருக்கு சர்வீஸ் ரெஜிஸ்டர் வைப்பதுபோல சார் தம் வண்டிக்கும் ஒன்று வைத்திருக்கிறார். பிளக் மாற்றிய தேதி, செயின் மாற்றிய தேதி, மனைவி பின்னால் உட்கார்ந்த தேதி. மூன்றாவது பத்தியில் இரண்டே வரிகள்தான் இருக்கின்றன என்று அவர் மனைவி வைதேஹி மாமியே சொல்கிறார்.

"கிக்கரை உதைக்கும்போது மனுஷன் வண்டியோட பேசறான்" என்றார் சார். அப்போது முன்வரிசையிலிருந்து மாமி என்ன சொன்னார் என்பது மைக்கில் விழவில்லை. என் காதில் விழுந்தது. குறிப்பேட்டில் எழுதமாட்டேன், கவலைப்படாதீர்கள்.

வெங்கி அவர்கள் சும்மா விட்டாரா? "என் பைக்ல அஞ்சு மோடு இருக்கு. ரெயின் மோடு இருக்கு" என்றார். இருக்கிறது. ஆனால் மழை வந்தால் அவருடைய வண்டி போர்வைக்குள் இருக்கிறது. அந்த வண்டி அவர் எங்கே இருக்கிறார் என்று கைப்பேசிக்குச் சொல்லும். எந்த டயரில் எவ்வளவு காற்று என்று சொல்லும். அடுத்த சர்வீஸ் என்றைக்கு என்று சொல்லும். ஒருநாள் காலையில், 'மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும்' என்றும் சொன்னது. குர்காவ்ன் அலுவலகத்துக்கு அன்று அவர் மெட்ரோவில் போனார். மெட்ரோவில் எனக்கு எதிரே நின்றபடிதான், புதிய வண்டியின் பெருமையை நான் இறங்கும் வரை விளக்கினார்.

கைதட்டுகிறீர்கள். எந்தக் கட்சி தட்டுகிறது என்று பார்க்கிறேன். இரண்டும் தட்டுகின்றன. அடுத்தவர் அடிபடும்போது நமக்குள் என்ன ஒற்றுமை.

இனி, போன ஆண்டுத் தேர்வு நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை.

மன்றத்தார் குடியிருக்கும் சொசைட்டி வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், ஞாயிறு தோறும் காலை ஆறரைக்கு மன்றம் கூடும். கூடி, வண்டிகளை வரிசையாக நிறுத்தி, டீ குடித்து, வாதாடி, பிறகு பயணம் போவது வழக்கம். சென்ற ஆண்டுக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு ஞாயிற்றில் பயணம் போனது ஒன்பது. மற்ற நாற்பத்து மூன்றிலும் வாதம் முடியவில்லை.

அன்று எனக்குத் தேர்வு. மையம் லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஏழரை மணிக்கு வாசல் சாத்துவார்கள். வருகிறேன் என்று சொன்ன ஆட்டோ வரவில்லை. வேறு ஆட்டோவும் கண்ணில் படவில்லை. சாலையைக் கடந்து டீக்கடைக்கு ஓடினேன். ஆறு ஐம்பது. அங்கே நின்றன ஐயா, பதினான்கு மோட்டார் சைக்கிள்கள். பாலைவனத்தில் தவித்தவளுக்குப் பதினான்கு குளம் தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

விஷயத்தைச் சொன்னேன். ராஜகோபால் சார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த நல்ல மனதை நான் மறக்கவில்லை. "ஏறிக்கோம்மா, இருபது நிமிஷத்துல கொண்டு விட்டுடறேன்" என்றார்.

வெங்கி சிரித்தார். "அங்கிள், நீங்க உதைச்சு உதைச்சு ஸ்டார்ட் பண்றதுக்குள்ள டீச்சரோட எக்ஸாம் முடிஞ்சு ரிசல்ட் வந்துடும். டீச்சர், இங்க வாங்க. பதினாறு நிமிஷம்."

"எங்க, உன் வண்டி இன்னிக்கு ஓடறேன்னு சொல்லித்தா? போன்ல கேட்டுண்டியா?"

"அங்கிள், உங்க வண்டி போற வழியெல்லாம் எண்ணெய்க் கோலம் போட்டுண்டு போகும். திரும்பி வர வழி கேக்கவே வேண்டாம்."

"என் வண்டி நடுவழில நின்னா நான் சரி பண்ணுவேன்டா. உன் வண்டி நின்னா நீ பாஸ்வேர்டு தேடுவே."

நான் நடுவில் நின்றேன். "சார், மணி ஆகிறது" என்றேன். என் குரல் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். மைக் வைத்தும் இவ்வளவுதான். பதினான்கு பேரும் இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டார்கள். ஏழு மணி ஆயிற்று.

அப்போது நம் தலைவர் கையை உயர்த்தினார். சபை அடங்கியது. "வீண் வாதம் எதுக்கு? லோதி ரோடு வரைக்கும் ரெண்டு வண்டியும் போகட்டும். எது முன்னாடி போறதோ, அதுல இந்தப் பொண்ணு போகட்டும்" என்றார்.

நான் ஒரு வண்டியின் அருகே போனேன். எந்த வண்டி என்று சொல்லமாட்டேன், நான் நடுவர். தலைவர் தடுத்தார். "நீ ஏறாதேம்மா. ஒரு வண்டில மட்டும் ஆள் ஏறினா எடை சமமா இருக்காது. போட்டி நியாயமா இருக்கணும்."

எல்லோரும் "அச்சா, அச்சா" என்றார்கள். பதினான்கு ஆண்கள், இருபத்தெட்டுக் காதுகள். ஒரு காதுகூட அந்த வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகவரிக்காக என் ஹால் டிக்கெட்டைப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு இரண்டு வண்டிகளும் சீறிப் பாய்ந்தன. ஹால் டிக்கெட்டின் படம் தேர்வு மையத்துக்குப் போயிற்று. ஹால் டிக்கெட்டுக்கு உரியவள் டீக்கடையில் நின்றாள். மீதிப் பன்னிரண்டு பேர் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிரியுங்கள். நானும் பிறகு சிரித்தேன். பிறகு என்றால், இரண்டு மாதம் கழித்து.

அந்த நேரம் பால்காரர் சத்பால் பையா வந்தார். வண்டியின் இரு பக்கமும் பித்தளைக் கேன், பின்னால் சுருட்டிய சாக்கு. கேட்டேன். சாக்கைத் தட்டிவிட்டு "பைட்டியே" என்றார். உட்காரச் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காக நான் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன். பால் தளும்பத் தளும்பப் போனோம். வழியில், இந்த மன்றத்தின் காற்று பட்ட பாவத்தால், "வண்டி எந்தக் கம்பெனி, பையா?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "பதா நஹீ மேடம், தூத்வாலீ ஹை" என்றார். தெரியாதாம். பால் வண்டியாம்.

பள்ளி வாசலை அடைந்தபோது ஏழு முப்பத்து மூன்று. கதவு சாத்தியிருந்தது. காவலாளி கம்பிக்கு அப்பால் நின்று, "உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேர் வந்து கேட்டைத் தொட்டுட்டுப் போனாங்க மேடம். யாருன்னு தெரியல" என்றார்.

யார் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தேன். டீக்கடையில் கொண்டாட்டம். வெங்கி ஓடிவந்து, "டீச்சர், ஏழு பதினெட்டுக்கு கேட்டைத் தொட்டேன். பன்னிரண்டு நிமிஷம் மிச்சம். நீங்க மட்டும் என் பைக்ல இருந்திருந்தா உள்ள போயிருப்பீங்க" என்றார். ராஜகோபால் சார், "நான் ஏழு இருபதுதான். ஆனா ஒரு சிக்னல்கூட மீறலை. நீ என் வண்டில இருந்திருந்தாலும் போயிருப்பே" என்றார். இருவரும் சொன்னது முழு உண்மை. ஒரு பொய்கூட இல்லாமல் ஓர் ஆண்டு என் கையை விட்டுப் போயிற்று.

அடுத்த கூட்டத்தின் குறிப்பை நான்தான் எழுதினேன். இதோ, என் கையெழுத்திலேயே இருக்கிறது. 'லோதி ரோடு ஓட்டத்தில் புதிய வண்டி இரண்டு நிமிட வித்தியாசத்தில் வென்றது. சிக்னல் மீறல் குறித்துப் பழைய வண்டித் தரப்பு ஆட்சேபம் தெரிவித்தது. ஆட்சேபம் பரிசீலனையில் உள்ளது.' அவ்வளவுதான். ஓட்டம் எதற்காக நடந்தது என்று ஒரு வரி எழுதலாம் என்று பார்த்தேன். யாரும் அதைப் பேசவில்லை. பேசாததை எழுதக் கூடாது.

அன்றிரவு அப்பா, "எப்படிம்மா எழுதினே?" என்று கேட்டார். "கஷ்டமாக இருந்தது" என்றேன். இன்றுவரை அவருக்கு உண்மை தெரியாது. பின்வரிசையில், சாம்பார் சாதம் பரிமாற வந்து, கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது தெரிந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா.

ராஜகோபால் சார், தலை நிமிருங்கள். வெங்கி, கைப்பேசியைக் கீழே வையுங்கள், அதில் ஒன்றும் வராது. உங்களைக் குற்றம் சாட்ட நான் மேடை ஏறவில்லை. நீங்கள் இருவரும் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். உதவி செய்யத்தான் எழுந்தீர்கள். இரும்பின் மேல் வைத்த அன்பு பெரிதா? இருக்கட்டும். எண்ணெயின் மேல் வைத்த ஆசை பெரிதா? இருக்கட்டும். எத்தனை குதிரைத்திறன், எத்தனை கியர், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஏன் கேட்கத் தெரியவில்லை? பின்னிருக்கை என்று ஒன்றைக் கம்பெனிக்காரன் எதற்காக வைத்தான்? பழைய வண்டியிலும் வைத்தான், புதிய வண்டியிலும் வைத்தான். இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இன்று இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் பேசவில்லை.

முடிக்கிறேன். மூலையில் இருந்தவளை மேடைக்கு அழைத்த தலைவருக்கு நன்றி. நாற்காலி போட்டவர்களுக்கும், மைக் கட்டியவருக்கும், என் சிறிய குரலுக்காகக் காதைச் சாய்த்த தாய்மார்களுக்கும் நன்றி.

தீர்ப்பு எங்கே என்று கேட்கிறீர்கள். தருகிறேன். அதற்கு முன் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. வந்ததிலிருந்து தொண்டையில் வைத்திருக்கிறேன்.

ஜூன் எட்டுக்கு இன்னும் பதினொரு வாரம். அன்று காலை என்னைக் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்கப்போகிறேன் என்று நினைக்கிறீர்கள். வெங்கி அதற்குள் கையைத் தூக்கிவிட்டார். ராஜகோபால் சாரும் தூக்கிவிட்டார். இறக்குங்கள், மறுபடி தலைவர் எடை பார்க்கத் தொடங்கிவிடுவார். போன வாரம் பழகுநர் உரிமம் எடுத்துவிட்டேன். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுங்கள். ஒருநாள் அல்ல, இந்தப் பதினொரு வாரமும், ஞாயிறு தோறும், டீக்கு முன்னால். அதற்குள் ஓட்டுநர் உரிமமும் வாங்கிவிடுகிறேன். தேர்வன்று ஒரு வண்டியை என்னிடம் கொடுங்கள், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்.

வண்டிமேல் அடுத்தவர் சாய்ந்த இடத்தைக்கூடத் துணியால் துடைக்கிறவர்கள் நீங்கள். நான் கேட்பது எவ்வளவு பெரிது என்று தெரிந்துதான் கேட்கிறேன். இதோ குறிப்பேட்டைத் திறந்து, 'சிறந்த வண்டி' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். பழையதோ, புதியதோ, எந்தச் சாவி முதலில் இந்த மேசைக்கு வருகிறதோ, அந்த வண்டியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். வணக்கம். பேனா திறந்தே இருக்கிறது.