நாற்பத்தொன்றாவது எண்

ஃபாக்ஸ் மெஷின் திடீரென்று அலறியதில் கையிலிருந்த டீ முழுக்க என் சட்டையில். வெள்ளைச் சட்டை, ஐயா. கறை இன்னும் போகவில்லை.

நெட்டை நிறுத்தச் சொல்லும் உத்தரவு மட்டும் எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு ஃபாக்ஸில்தான் வரும். அரசாங்கத்துக்கு நெட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை. முதல் தாளில், நடுச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள பதினோரு டவர்களிலும் இரண்டு மணிக்குச் சேவையை நிறுத்த வேண்டும் என்று இருந்தது. காரணம், வதந்தி பரவாமல் தடுக்க. இரண்டாம் தாளில், அப்போதும் வேலை செய்ய வேண்டிய நாற்பது அதிகாரிகளின் எண்கள். அவற்றில் பன்னிரண்டு எண்களுக்கு எதிரே ‘வடக்கு வாசல், துப்பாக்கிப் பிரிவு, மூன்று மணி’ என்று குறிப்பு.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “என்ன சார், பட்டியலை மனப்பாடம் பண்றீங்களா? பரீட்சை ஒண்ணும் இல்லையே.”

“எண்ணுல தப்பு இருக்கான்னு பாக்கறேன் சார்.”

உண்மையில், நாற்பத்தொன்றாவதாக என் மகளின் எண்ணைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கைதான பேராசிரியையை விடச் சொல்லி அவள் வகுப்பே காலையிலிருந்து சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தது. என்னிடம் நூலகம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். நூலகத்துக்கு யார் ஐயா கொடி எடுத்துப்போகிறார்கள்?

இரண்டு மணிக்குப் பதினொன்றிலும் சேவையை நிறுத்தினேன், பட்டியலில் உள்ள எண்களைத் தவிர. ஒரு தடங்கலும் இல்லை. பிறகு அவளுக்கு எழுதினேன்: ‘வடக்கு வாசலில் மூன்று மணிக்குச் சுடுவார்கள். தெற்குப் பக்கமாக வீட்டுக்குப் போய்விடு.’

எல்லாருக்கும் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நடக்கும்வரை அது வதந்திதானே, ஐயா. அதைத் தடுக்கத்தானே எனக்கு உத்தரவு.

வடக்கு வாசலில் பத்தொன்பது பேர் செத்தார்கள். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. எங்கள் வீட்டில் எலியைக்கூட என் மனைவிதான் அடிப்பாள்.

மாலையில் வீடு திரும்பினேன். மகள் ஒற்றைச் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. போனை நீட்டினாள்.

“எங்க வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் வடக்குப் பக்கம் இருந்தாங்கப்பா. நீங்க சொன்னதை அப்பவே அவங்களுக்கு அனுப்பிட்டேன். பாத்துட்டு வந்துடுவாங்கன்னுதான் நான் ஓடி வந்தேன். ஒருத்தருக்குக்கூடப் போய்ச் சேரல.”

வாங்கிப் பார்த்தேன். சிக்னல் முழுதாக இருந்தது.

“உன் போன் நல்லாத்தான் இருக்கும்மா. அவங்க பக்கம்தான் ஏதோ கோளாறு.”