கூட வந்தவள்

எனக்குப் பேசப் பிடிக்கும், டாக்டர். எங்கள் தெருவில் எந்த வீட்டில் குக்கர் விசிலடித்தாலும் உள்ளே என்ன வேகிறது என்று தெரிந்துவிடும். அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

பக்கத்து வீட்டுத் தையல்காரிதான் அந்த ஆள். அவள் மகளுக்கு வெளியூரில் வேலை என்பதால் மாதாமாதம் அவளை இந்த மனநலப் பிரிவுக்கு நான்தான் அழைத்துவருவேன். உங்களுக்கு முன்பிருந்த பெரிய டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். "கூட வந்தவங்க சொல்லுங்க" என்பார். சொல்வேன். ஒரு மாத்திரை கூடும். பழையதை அவர் நிறுத்தியதே இல்லை. அவளும் கண் சொருக உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் கேட்பாள். அப்படி ஒரு காது எனக்கு வாய்த்ததே இல்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். அவளிடமே கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு மாத்திரையாகக் குறைத்தீர்கள். கைநடுக்கம் நின்றது. ஊசியில் நூல் கோத்தாள். ஒருநாள் சிரித்தாள்.

"அக்கா, நம்ம தெரு நர்ஸ் வீட்டுக் கதையை நேத்து வேற மாதிரி சொன்னீங்களே?"

"என்னையே குறுக்குக் கேள்வி கேக்குறியாடி?"

"சும்மா கேட்டேன்க்கா. இனிமே யார்கிட்ட சொல்லப்போறீங்களோ. பொண்ணு கூப்பிடுறா, அடுத்த மாசம் கிளம்புறேன். மெஷினையும் தூக்கிட்டு வரச் சொல்லிட்டா."

நல்ல செய்திதான். எனக்கும் சந்தோஷம். மத்தியானம் அவள் மகளுக்குப் போன் போட்டேன். "உங்கம்மா கையில கத்தரிக்கோலோட நிக்கிறாம்மா. உன்னோடது கைக்குழந்தை இருக்கிற வீடு, யோசிச்சுக்கோ." கத்தரிக்கோலோடு நின்றது உண்மை. துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் விடுப்பில் போன வாரம் பார்த்து அவளை இங்கே கூட்டி வந்தேன். உங்கள் நாற்காலியில் இருந்தவரும் என்னிடம்தான் கேட்டார். கத்தரிக்கோலைச் சொன்னேன்.

"இல்ல சார், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அவள்.

"இவங்க அப்படித்தான் சொல்லுவாங்க சார்" என்றேன். பழைய மாத்திரை அத்தனையும் திரும்ப வந்தது.

இப்போது அவளுக்கு நாக்குப் புரளவில்லை. வாயோரம் வழிவதைத் துடைப்பது நான்தான். தையல் மெஷினைக் காட்டினால், அது யாருடையது என்பதுபோலப் பார்க்கிறாள். மகள் வருவதில்லை, பயப்படுகிறாள், பாவம்.

பொய் சொன்னேன், டாக்டர். அவள் போய்விட்டால் நான் யாரிடம் போய்ப் பேசுவேன்?

மருந்தை மறுபடி குறைத்தால் மெல்லத் தேறுவாள் என்கிறீர்கள். தாராளமாகக் குறையுங்கள். வீட்டில் எடுத்துக் கொடுக்கப்போவது நான்தானே. அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?