ஸ்டோவ்ஹாம் கல்லைக் கண்டுபிடித்தவர்

எங்கள் ஊருக்குக் கோடையில் வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. அடுத்துக் கேட்பது கடல் எங்கே என்று. கடற்கரைச் சாலையில் டீக்கடை வைத்திருக்கும் நெட்டா இரண்டாவது கேள்விக்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பாள். "கடலா? வெளிய போயிருக்குங்க. சாயங்காலம் வந்துடும், உக்காருங்க."

அவள் சொல்வது உண்மைதான், சார்ஜென்ட். ஸ்டோவ்ஹாமில் கடல் உள்வாங்கினால் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். நீங்கள் ஆல்ட்செஸ்டரிலிருந்து வந்தவர். பேராலயத்து மணியோசை கேட்டு வளர்ந்தவருக்கு எங்கள் மணல்வெளி பழக்கமிருக்காது என்பதால் அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எங்கள் மணல் கரையிலிருந்து ஒரே சரிவாக இறங்குவதில்லை. கரையை ஒட்டி ஓர் ஓடை இருக்கிறது. கடல் உள்வாங்கிய நேரத்தில் அதில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது, குழந்தைகள் நண்டு பிடிப்பார்கள். அதைத் தாண்டினால் அகலமான மணல்மேடு. மேட்டின் கடைக்கோடியில்தான் அந்தக் கல். கடல் திரும்பும்போது எதிரிலிருந்துதான் வரும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி வருவதில்லை. முதலில் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு வந்து ஓடையை நிரப்புகிறது. கல்லருகே நிற்பவரின் காலடி காய்ந்தே இருக்கும். அதற்குள் அவருக்கும் கரைக்கும் நடுவே ஆள் மூழ்கும் ஆழம் வந்திருக்கும். எத்தனை அழகான ஏற்பாடு என்று எனக்கு எப்போதுமே தோன்றும்.

ஆகவே கல்லுக்குப் போகிறவருக்கு நேரம் தெரிய வேண்டும். அச்சிட்ட கடல்நேர அட்டவணைகள் பெரிய துறைமுகத்துக்கு உரியவை. எங்கள் கரைக்கு அதில் கொஞ்சம் கூட்ட வேண்டும், காற்றைப் பார்த்துச் சற்றே திருத்த வேண்டும். மருந்துக்கடை வைத்திருந்த காலம் முழுக்க, அதை விற்ற பிறகும், அந்தக் கணக்கைப் போட்டு, கடல் அடிமட்டத்துக்குப் போகும் நேரத்தை நெட்டாவின் கடை ஓரமிருக்கும் கரும்பலகையில் தினமும் காலையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வருபவன் நான்தான். ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளருக்கு உரிய வேலை அது.

அந்தப் பலகையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் அரசாங்கம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னபோது, எங்கள் மீனவர்கள் பலகையைத் தொட விடவில்லை. கடலுக்கு லண்டனில் யாரும் உத்தரவு போட முடியாது என்றார்களாம். அன்றிலிருந்து பலகையில் கோடையிலும் குளிர்கால நேரம்தான். வெளியூர்க்காரர்களுக்காகக் கீழே ஒரு மரச்சட்டத்தில் 'கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளவும்' என்று எழுதித் திருகாணியால் பொருத்தியிருந்தோம். ஊர்க்காரர்கள் அந்தச் சட்டத்தைப் படிப்பதே இல்லை. பலகையைப் பார்த்த கண்ணோடு மனசு ஒன்றைக் கூட்டிவிடும். இங்கே பிறந்த குழந்தைகள் கூட்டல் கற்றுக்கொள்வதே அப்படித்தான்.

இதை மாற்றும்படி நகரமன்றம் பல வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆபத்து என்றார்கள். நான்தான் மறுத்து வந்தேன்.

இனி கல். ஆல்ட்செஸ்டரில் இப்போது இருப்பது இரண்டாவது பேராலயம். முதல் பேராலயம் எங்கள் ஸ்டோவ்ஹாமில் இருந்தது, அதைக் கடல் கொண்டுபோயிற்று. இதை எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினார்கள், ஆல்ட்செஸ்டரில் எல்லோரும் சிரித்தார்கள். மணல்மேட்டின் கோடியில் சதுரமாகச் செதுக்கிய ஒரு பெரிய கல்லை நான் பார்க்கும்வரை அப்படித்தான் இருந்தது. அது முதல் பேராலயத்துப் பீடத்தின் அடிக்கல் என்று சங்கத்தில் கட்டுரை வாசித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றது. பள்ளிக்கூடத்துச் சின்னத்தில் கல் ஏறியது. பேராலயத்தின் தலைமைக் குருவே நேரில் வந்து, தாய்ப் பேராலயத்தின் கல் என்று அதை ஆசீர்வதிக்க ஒப்புக்கொண்டார். ஒரு சிற்றூர் மருந்துக்கடைக்காரனுக்கு அது சின்ன விஷயமல்ல.

ஐடா கார்ஸ்டாங் அப்போதெல்லாம் என் பக்கத்தில் இருந்தவர். பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. ஓய்வுபெற்ற பின் சங்கத்தின் பொருளாளர். ஞாயிறுதோறும் என் வீட்டில் சாப்பிடுவார், என் சமையலைக் கிண்டல் செய்வார், இரண்டாம் முறை பரிமாறச் சொல்வார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு, அதாவது 1974 வசந்தத்தில், சாக்கடை பதிக்கக் கடற்கரைச் சாலையைத் தோண்டியபோது ஒரு கல் வெளிவந்தது. ஐடா அதைப் பார்த்துவிட்டுக் கோடை முழுக்க அதைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு, சாப்பாடு முடிந்து தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்.

"லெனார்ட், கோவிச்சுக்காதீங்க. நம்ம கல்லு பீடமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பின்ன என்னவாம்?"

"விக்டோரியா ராணி காலத்துல பொம்பளைங்க கடல்ல இறங்கிக் குளிக்க மரப்படிக்கட்டு போட்டாங்கல்ல, அதுக்குத் தாங்குகல்லு. ரோட்டுல தோண்டினாங்களே, அது இதோட ஜோடி. அதே அளவு, மேல அதே துளை. புரட்டிப் போட்டா அடியில கல்குவாரி முத்திரையும் வருஷமும் செதுக்கியிருக்கு."

"அது வேற கல், ஐடா."

"அதான் பாத்துடலாம்ங்கறேன். செப்டம்பர்ல பௌர்ணமி முடிஞ்சு கடல் ரொம்ப உள்ள போகும் பாருங்க, அன்னிக்கு மட்டுந்தான் நம்ம கல்லோட அடி வெளிய தெரியும். போய்க் கொஞ்சம் மணலைத் தோண்டிப் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவர் என் கையைத் தட்டினார்.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சுக்கறீங்க? முத்திரை இருந்தா ரெண்டு பேருமா சேர்ந்தே சொல்லிடுவோம். இருபது வருஷமா பொம்பளைங்க குளிக்கிற படிக்கட்டைக் கும்பிட்டோம்னு. ஊரே சிரிச்சிட்டுப் போயிடும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அது கெட்ட சிரிப்பல்ல. ஆனாலும் தலைமைக் குரு அப்படிச் சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. ஆல்ட்செஸ்டர் முழுவதும் சிரிப்பதை, பள்ளிப்பிள்ளைகள் சட்டையிலிருந்த சின்னத்தைத் தொட்டுக்கொண்டு சிரிப்பதை. ஊரின் மானம் என்று ஒன்று இருக்கிறது. யாராவது ஒருவர் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஐடா தவறாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை, இப்போதும் இல்லை. அப்படியானால் அவரைப் போய்ப் பார்க்க விட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு உகந்த சமயம் அதுவல்ல என்பதுதான் என் பதில்.

செப்டம்பரில் கடல் அப்படி உள்வாங்கும் நாளுக்கு முந்திய வாரம் முழுவதும் ஐடா ஆல்ட்செஸ்டரில் தன் தங்கை வீட்டில் இருந்தார். இது முக்கியம். கடல் நேரம் தினமும் முக்கால் மணி அளவுக்குப் பின்னால் தள்ளும். முதல் நாள் பலகையைப் பார்த்தவர் எவரும் மறுநாள் ஏதோ இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். ஐடா பார்க்கவில்லை. அன்று காலை ரயிலில் இறங்கி நேராகக் கடற்கரைச் சாலைக்கு வந்தார்.

விடிந்ததும் நான் இரண்டு காரியம் செய்தேன். கீழே இருந்த மரச்சட்டத்தைத் திருகாணி கழற்றி எடுத்தேன். பலகையில் பன்னிரண்டரை என்று எழுதினேன்.

பன்னிரண்டரை சரியான நேரம். அன்று என் கைக்கடிகாரத்தில், உங்கள் கைக்கடிகாரத்தில், ஊரிலுள்ள எல்லாக் கடிகாரத்திலும் பன்னிரண்டரைக்குத்தான் கடல் அடிமட்டத்துக்குப் போயிற்று. வழக்கப்படி நான் எழுதியிருக்க வேண்டியது பதினொன்றரை. நகரமன்றம் கேட்டுக்கொண்டதை அன்று நிறைவேற்றினேன், அவ்வளவுதான். பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஒரு குடும்பம் பலகையில் எழுதியிருந்ததை அப்படியே நம்பி மேட்டுக்குப் போய், பத்திரமாகத் திரும்பி, நெட்டாவிடம் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டது. சிப்பி பொறுக்கும் பெண்கள் பலகையைப் பார்ப்பதில்லை, தண்ணீரைப் பார்ப்பார்கள். இருந்தாலும் அவர்களிடம் நானே போய் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். வேறு யாருக்கும் எதுவும் நேர்ந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

பலகை முன்னால் ஐடா நின்றதை எதிரிலிருந்த நிழற்கூடத்திலிருந்து பார்த்தேன். ஒரு நொடிதான் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. ஒன்றைக் கூட்டி, ஒன்றரை என்று எடுத்துக்கொண்டார். பிறகு அவசரப்படாமல் நெட்டாவின் கடைக்குப் போய் நண்டு சாண்ட்விச் கேட்டார்.

"எங்க, மண்வெட்டியும் கையுமா? புதையலா?" என்றாள் நெட்டா.

"அதுக்கும் மேல. நான் கொண்டுவரப் போறதப் பாத்து உங்க தலைமைக் குரு நாற்காலியிலேருந்து விழுவாரு."

"விழட்டும், விழட்டும். அந்த உடம்புக்குக் கொஞ்சம் அசைவு நல்லதுதான். டீ குடிச்சிட்டுப் போங்க, அங்க குளுரும்."

"நேரம் இருக்கு. கடல் முழுசா போகட்டும்."

நிதானமாக டீ குடித்தார். பிறகு ஓடையைத் தாண்டி நடந்தார். செப்டம்பரில் எங்கள் பக்கம் கடலிலிருந்து பனிமூட்டம் வரும். அன்றும் வந்தது. அதை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. மூட்டத்துக்குள் நிற்பவருக்குத் தூரத்துத் தண்ணீர் போகிறதா வருகிறதா என்று தெரியாது. அதிலும் மண்டியிட்டு ஒரு கல்லின் அடியைத் தோண்டிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார்.

பறவை பார்க்கும் தொலைநோக்கி என்னிடம் இருந்தது. மூட்டம் ஒருமுறை விலகியபோது ஐடா கல்லின் மேல் ஏறி நிற்பது தெரிந்தது. ஓடை நிரம்பிவிட்டிருந்தது. கழுத்துத்துணியை அவிழ்த்துப் பெரிதாக ஆட்டினார். நான் பதிலுக்குக் கையை ஆட்டினேன்.

நெட்டா கடையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "யாருக்கு மருந்துக்காரரே கைய ஆட்டறீங்க?"

"ஐடாவுக்கு."

"நல்லாத்தான இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க."

அந்த நிமிடத்தில் அது பொய்யல்ல. மீட்புப் படகை அழைக்கும் மணி நிழற்கூடத்தின் சுவரிலேயே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. மூட்டம் மறுபடி மூடிக்கொண்டது. நெட்டா எனக்கு ஒரு டீ கொடுத்தாள், குடித்தேன். அவர் கூப்பிடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நெட்டா கடல்காகம் என்று நினைத்தாள். நான் திருத்தவில்லை.

மரண விசாரணையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நகரமன்றம் கேட்டுக்கொண்டபடி செயலாளர் அன்றுதான் பலகையைக் கோடை நேரத்துக்கு மாற்றினார், பாவம் ஐடா பழக்கதோஷத்தில் கூட்டிவிட்டார் என்று. மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்திருக்கலாம் என்று விசாரணை அதிகாரி என்னைச் சற்றே கடிந்துகொண்டார். மறுத்துப் பேசாமல் ஏற்றுக்கொண்டேன். பலகை இப்போது நிரந்தரமாக ஊர்க் கடிகார நேரத்தையே காட்டுகிறது. அதன்பின் ஒருவரும் மூழ்கவில்லை. அந்த வகையில் ஊருக்கு நல்லதே நடந்திருக்கிறது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் நெட்டா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஐடா எதையோ கண்டுபிடிக்கப் போனாராம், தலைமைக் குருவே அதிர்ந்துபோகும் அளவுக்குப் பெரிய சான்றாம், அதற்காக உயிரையே கொடுத்தாராம். ஊர் இப்படிப்பட்ட கதையை விட்டுவிடுமா? ஆல்ட்செஸ்டர்க்காரர்கள் இதை நம்பியதுதான் ஆச்சரியம். பேராலயத்தில் அவருக்காகப் பாடினார்கள். கல்லை இப்போது எல்லோரும் 'ஐடா கல்' என்கிறார்கள். கடற்கரைச் சாலையில் வெண்கலத் தகடு ஒன்று வைக்கிறார்கள், வரும் ஞாயிறு தலைமைக் குரு திறக்கிறார். அச்சுக்குப் போகும் முன் வாசகத்தைச் சரிபார்க்கச் செயலாளர் என்ற முறையில் எனக்கே அனுப்பினார்கள். 'தாய்ப் பேராலயத்தின் கல்லைக் கண்டுபிடித்த ஐடா கார்ஸ்டாங்' என்று அதில் இருந்தது.

வரலாற்றில் தவறு தவறுதான். ஒருமுறை வெண்கலத்தில் ஏறிவிட்டால் நூறு வருடத்துக்கு யாரும் திருத்த மாட்டார்கள். சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். இறந்துபோன பெண்ணிடம் பொறாமைப்படுகிறீர்களே என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஐடா அந்தக் கல்லை நம்பவே இல்லை என்று நான் சொன்னால், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஆகவே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. உங்களிடம் நானாகவே வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐடா கார்ஸ்டாங்கை நான்தான் கொன்றேன். திட்டமிட்டு, நல்ல நினைவோடு. இதற்குக் கீழே கையெழுத்துப் போடுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் தகடு செய்கிறவரிடம் யாரையாவது அனுப்பி, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் லெனார்ட் பாம்ஃபிரட் என்று திருத்தச் சொல்லுங்கள். ஐடாவின் பெயரையும் வேண்டுமானால் அடியில் சிறிய எழுத்தில் வைத்துக்கொள்ளட்டும். அவர் அங்கே போனது உண்மைதானே.