முன்னால் நடக்கிறவன்

விடியற்காலை ஐந்தேகால். ஹல்துமுல்லை தாண்டி, பெரகலவுக்கு ஏறும் மலைப்பாதை. எங்கள் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. வெளியே அப்படியொரு பனிமூட்டம்... ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையில் விரல்கள் தெரியவில்லை.

எண்பத்துநாலாம் ஆண்டு அது. பதுளையில் தொழில் பழக்கும் கல்லூரிக்குத் தினமும் இந்த முதல் பஸ்ஸில்தான் போய்வருவோம். அன்று ஒன்பது மணிக்கு வயரிங் பரீட்சை. தவறினால் ஒரு வருஷம் போச்சு. யாராவது இறங்கி முன்னால் நடந்தால் பஸ்ஸை எடுக்கிறேன் என்றார் டிரைவர். ஒருத்தரும் அசையவில்லை. அந்த வளைவுகளில் இறங்க எங்களில் எவனுக்கும் தைரியம் இல்லை, பொய் சொல்வானேன்.

வயரிங் சொல்லித்தரும் ஷுக்ரி சேரும் அதே பஸ்ஸில் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அன்று தானாகவே ஆரம்பித்தார். இருட்டில் அவரைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம்.

அவருடைய சிநேகிதன் ஒருவனின் மச்சானுக்கு நடந்ததாம். அறுபத்தெட்டில். இதே கல்லூரி, இதே முதல் பஸ். அப்போது ஒரு பழக்கம் இருந்தது. பனி இறங்கினால் மாணவர்களில் ஒருவன் பஸ்ஸுக்கு முன்னால் நடப்பான். அவனுடைய வெள்ளைச் சட்டைதான் டிரைவருக்கு அடையாளம். நடக்கத் தொடங்கும்போது பஸ்ஸின் முன்மூடியான பொனட்டில் இரண்டு தட்டு. பாதை தெளிந்ததும் இரண்டு தட்டு. ஆளுக்கொரு நாள் முறை.

பரீட்சை நாளன்று அந்த மச்சானின் முறை. உடம்பில் புதுச்சட்டை. இஸ்திரிப் பெட்டி போட்ட சூடுகூட ஆறவில்லை. பக்கத்தில் அவன் கூட்டாளி நல்லையா. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பையன், கொழுந்து பறிக்கிற தாய்க்கு ஒரே பிள்ளை. அவனிடம் இருந்ததே ஒரு வெள்ளைச் சட்டைதான்.

"இன்னைக்கு மட்டும் நீ எறங்குடா. நாளைக்கு ஒனக்கும் சேர்த்து நான் நடக்கிறேன்."

நல்லையா மறுக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி இவன் மடியில் வைத்தான். நனைந்தால் பரீட்சை மண்டபமே நாறும் என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

டக்... டக்.

பஸ் ஊர்ந்தது. முன்னால் வெள்ளைச் சட்டை. எஞ்சினின் முனகல்... கருகிய கிளட்ச் வாடை... ஒன்றரை மைல் அப்படியே. மேலே பனி விலகியது. டக்... டக். கொண்டக்டர் கதவைத் திறந்தார்.

யாரும் ஏறவில்லை.

திரும்பிப் போய்த் தேடினார்கள். முதல் வளைவிலேயே பாதையோரம் இடிந்திருந்தது. கீழே தேயிலைச் செடிகளுக்குள் நல்லையா கிடந்தான். உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது. அவன் விழுந்தது முதல் வளைவில் என்றால்... அதற்கப்புறம் ஒன்றரை மைல் பஸ்ஸைக் கூட்டிப்போனது யார்?

அந்த மச்சான் என்ன ஆனான் என்று எங்களோடு படிக்கும் றஷீனா மெதுவாகக் கேட்டாள். மறுதடவை பரீட்சை எழுதிப் பாஸானான், உத்தியோகமும் கிடைத்தது என்றார் சேர். சொல்லிவிட்டுக் குனிந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, அந்த மச்சான் யார் என்று.

சப்பாத்தை என் மடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு எழுந்தார். கதவை நோக்கிப் பாதி தூரம்தான் போயிருப்பார்.

டக்... டக்.

"ஆரோ எறங்கிட்டாங்க போல" என்று டிரைவர் பஸ்ஸை எடுத்தார். முன்கண்ணாடிக்கு அப்பால் ஒரு வெள்ளைச் சட்டை. நான் திரும்பி ஒவ்வொரு தலையாக எண்ணினேன். எல்லாரும் உள்ளேதான் இருந்தோம்.

சேர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"இன்னைக்காச்சும் என்னைய நடக்க விடுடா, நல்லையா."

அந்த வெள்ளைச் சட்டை திரும்பிப் பார்க்கவில்லை. மேலே பனி விலகியதும் மறுபடி இரண்டு தட்டு. சேரே போய்க் கதவைத் திறந்தார். யாரும் ஏறவில்லை. படியில் மட்டும் ஈரம்... ஐந்து விரலும் பதிந்த ஒரு கால் தடம்.