சவுக்குத் தோப்பு தாண்டி

கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் பழத்தட்டு வைத்திருந்தவள் சொன்னாள்: "தோப்ப வெட்டினதால எம்புள்ள கல்யாணம் நின்னு போச்சு."

எனக்கு இந்த வயசிலும் காது நன்றாகவே கேட்கும். கேட்டுக்கொண்டே வந்தேன்.

"இன்னாக்கா சொல்றே?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"எங்க ஊருக்குப் பேர்ப்பலகை ஏது? கடலோரமா சுத்திலும் சவுக்கு. பெரிய தோப்பத் தாண்டித் திரும்புன்னுதான் யாருக்கும் வழி சொல்லுவோம். வூடு பாக்க வர்றதா இருந்த பொண்ணு வூட்டுக்கும் அப்படியே சொல்லிட்டேன். அவங்க வர்றதுக்கு முந்தின வாரமே தோப்ப வெட்டி லாரியில ஏத்திட்டாங்க. அது ஞாபகமே வரல."

"தோப்பு இல்லன்னா உங்க வூடு ரோட்லேந்தே தெரியுமே?"

"தெரியும். அவங்க தோப்பையே தேடிக்கினு போயிட்டாங்க. இல்லாத ஊரச் சொல்லி ஏமாத்துறாங்கன்னு பொண்ணோட அப்பா கோவமாத் திரும்பிட்டாரு."

"போன் பண்றதுதானே?"

"அவரு எடுக்கல. எம்புள்ள மொட்டை மாடியில ஏறி கைய ஆட்டிக்கினே இருந்தான். அவங்க கார் நிக்கல."

"அப்புறம் பழத்தட்டோட எங்க கிளம்பிட்டே?"

"நேத்து அந்தப் பொண்ணே எம்புள்ளைக்குப் போன் பண்ணிச்சு. கார்லேந்து பாத்தேன், மாடியில கைய ஆட்டினது நீங்களான்னு கேட்டுதாம். அதான், அவங்கப்பாவ நானே கையோட கூட்டிக்கினு வரப்போறேன்."